அண்ணியின் சிதறல் நோட்டு

என் அண்ணியை அவள் அலுவலகத்தில் 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கு அது தெரியும். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்பதும் தெரியும். அந்த ஆள் நீட்டும் காகிதத்தை மட்டும் மூன்று தடவை திருப்பிப் பார்ப்பாளாம்.

ஓய்வூதிய அலுவலகத்தில் கையெழுத்து சரிபார்க்கிற வேலை அவளுக்கு. மேஜையில் இடது பக்கம் பழைய மாதிரி அட்டை, வலது பக்கம் புதிதாக வந்த படிவம், நடுவில் விளக்கு. இரண்டிலும் இருப்பது ஒரே ஆளின் கையா என்று சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷம் இதையே செய்த பெண் எப்படி ஆவாளோ அப்படித்தான் ஆகியிருந்தாள். கடையில் வாங்கிய சர்க்கரையை வீட்டில் மறுபடி நிறுப்பாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "எப்படி இருக்கீங்க அண்ணி" என்று கேட்டால், "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பாள்.

அவளிடம் முதலில் மாட்டிக்கொண்டது நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் அவனுக்குக் கடும் காய்ச்சல். எனக்கு அப்போது பதினைந்து வயது. படம் வரைவேன், யார் கையெழுத்தையும் அப்படியே போடுவேன் என்று ஒரு தலைக்கனம். அவனுடைய பழைய நோட்டை எதிரில் வைத்துக்கொண்டு அவன் எழுத்திலேயே ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். நாலே நாளில் அது திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், 'எழுதினது நீங்க இல்லை. யார்னு சொல்லுங்க' என்று இருந்தது.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவளிடம் கேட்டேன், எப்படிக் கண்டுபிடித்தாள் என்று.

"சொந்தக் கை ஓடும். அடுத்தவங்க மாதிரி எழுதுற கை பார்த்துப் பார்த்துப் போகும், போற வழியில நடுங்கும். உன் கடுதாசி முழுக்க நடுங்கியிருந்துச்சு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ரெண்டு கையெழுத்து அச்சு மாதிரி ஒண்ணா இருந்தாலும் நம்பக் கூடாது. உயிருள்ள கை கொஞ்சம் முன்னப் பின்னதான் இருக்கும்" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பின்பால் ஆடுவாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விளையாட்டுக் கூடம். அதிலிருந்து இரண்டு கடை தள்ளி என் தையல் கடை. கூடத்தில் மூன்று பின்பால் மேஜைகள். சாய்வான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புப் பந்து. பந்து மேலே போய் மணிகளிலும் குமிழ்களிலும் முட்டிப் புள்ளி சேர்த்துவிட்டுக் கீழே உருண்டு வரும். அடியில் இரண்டு சின்னத் துடுப்புகள். பக்கத்தில் இருக்கிற பொத்தான்களை இரண்டு கையாலும் அழுத்தி, துடுப்பால் பந்தைத் திரும்ப மேலே தட்ட வேண்டும். கண் இமைத்தால் பந்து பள்ளத்தில் போய்விடும். ஓர் ஆட்டத்துக்கு மூன்று பந்து. அலுவலகம் விட்டதும் அண்ணி நடு மேஜையில் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். எத்தனை புள்ளி என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் திடீரென்று மூன்று ஆட்டம் பத்து ஆட்டமானது. கூடவே அண்ணனும் ஒரு நீல நோட்டோடு வர ஆரம்பித்தான். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. முப்பது வருஷத்தில் அந்தக் கூடத்து வாசலைக்கூட மிதிக்காத மனிதன் அவன்.

போய் நின்று பார்த்தேன். மேஜையின் தலைப்பக்கம் புள்ளிகள் ஒளிரும் இடத்தை ஓர் அட்டையால் மூடியிருந்தார்கள். அண்ணி ஆடுவாள். ஆட்டம் முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அண்ணன் அட்டையைத் தூக்கிப் புள்ளியைப் படித்து நோட்டில் எழுதிவிட்டு மறுபடி மூடுவான். பத்து ஆட்டத்துக்கும் இதே சடங்கு.

"என்ன அண்ணி இது, கண்கட்டு வித்தையா?"

"ஆடுறவங்க புள்ளியைப் பார்க்கக் கூடாது. போன ஆட்டம் நல்லா வந்துச்சுன்னு தெரிஞ்சா அடுத்த ஆட்டத்துக்கு கை மாறிடும். எங்க ஆபீஸ்லயும் படிவம் வாங்குற ஆள் வேற, சரிபார்க்குற ஆள் வேற" என்றாள்.

எண்ணைப் படிக்க அண்ணனை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவன் மின்சார மீட்டர் படிக்கிறவன். தெருத் தெருவாகப் போய், இருட்டு மூலையில் தலையை விட்டு, எண்ணைப் பார்த்து எழுதுவான். இருபத்தாறு வருஷத்தில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதினான் என்று ஒரு புகார் வந்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் அண்ணி நோட்டை வாங்கிக்கொள்வாள். பத்து எண்ணையும் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்குவாள். மேலே இரண்டையும் கீழே இரண்டையும் தள்ளிவிடுவாள். பந்து தற்செயலாக ஒரு பொந்தில் மாட்டினால் ஒரே அடியில் லட்சம் ஏறிவிடும். எடுத்த எடுப்பிலேயே மூன்று பந்தும் பள்ளத்தில் விழுந்தால் ஒன்றும் தேறாது. அந்த மாதிரி அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் அவளுக்கு வேண்டாம். மீதி ஆறில் பெரியதற்கும் சிறியதற்கும் எவ்வளவு தூரம், அது நடு எண்ணில் நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பாள். நடு எண் ஒரு லட்சம், தூரம் எழுபதாயிரம் என்றால், எழுபது. இதற்கு அவள் வைத்த பெயர் சிதறல். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாரா வாரம் அந்த வாரத்துச் சிதறலின் சராசரியைக் குறித்து வைப்பாள். இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

முதல் வாரம் எழுபத்திரண்டு. இரண்டாவது வாரம் அறுபது. பிறகு நாற்பத்தொன்பது, நாற்பது. ஐந்தாவது வாரம் முப்பத்துமூன்று. வேறு யாராக இருந்தாலும் கை பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அண்ணி நல்ல சேதியை நம்பாத பிறவி.

முதலில் மேஜையைச் சந்தேகப்பட்டாள். ஒருநாள் கைப்பையிலிருந்து கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு ரசமட்டத்தை எடுத்து மேஜைக் கண்ணாடிமேல் வைத்தாள். சாய்வு கொஞ்சமும் மாறவில்லை. மேஜைக் காலில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வந்தாள். மறுநாளும் கோடு அசையவில்லை. அடுத்தது கூடம் நடத்துகிற டோக்கன்காரர். துடுப்பின் ரப்பரை மாற்றி ஆட்டத்தைச் சுலபமாக்கிவிட்டாரோ என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

டோக்கன்காரருக்குச் சுருக்கென்றது. "நான் எதுக்கும்மா மாத்தப் போறேன்? உங்க நோட்டைக் காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்து எண்கள் என்ன கணக்கு என்று அண்ணி சொன்னதும் மூக்கைச் சொறிந்தார். "பதினெட்டு வருஷமா இந்த மெஷின் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். ஒரே ஆளு, ஒரே மெஷின், இன்னைக்கு அம்பதாயிரம், நாளைக்கு ரெண்டு லட்சம். கைதேர்ந்தவங்களுக்கே அப்படித்தான். அஞ்சு வாரத்துல முப்பத்திமூணுக்கு இறங்கியிருக்குன்னா, ஆடினது ஆள் இல்லம்மா, கடிகாரம்."

அண்ணி நோட்டை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். துணி வெட்டுகிற மேஜைமேல் நோட்டை வைத்தாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் எண்ணை மாத்துறார்" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எதுக்கு மாத்தணும்? அவன் என்ன உங்க கூட போட்டிக்கா ஆடுறான்? எல்லாரையும் சந்தேகப்பட்டு முடிச்சாச்சு, மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான்" என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் என் பென்சிலை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. மூன்றும் மூன்று ஆள் போட்ட மாதிரி இருந்தன. கடைசியில் இழுக்கிற கோடு ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னப் பல்லாக நெளிந்திருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் சொந்தப் படிவம் திரும்பி வந்துச்சு. கையெழுத்து பொருந்தலைன்னு. திருப்பி அனுப்பினது நான் வேலை சொல்லிக் கொடுத்த பொண்ணு. அவ மேல தப்பு இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

அவளுடைய அப்பாவை எனக்குத் தெரியும். ஐம்பத்துநாலு வயதில் அவர் கை ஆட ஆரம்பித்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். வெகுகாலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, முற்றிய பிறகுதான் வைத்தியம் பார்த்தார்கள். என் எதிரில் நின்ற அண்ணிக்கு ஐம்பத்துமூன்று முடிந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் அண்ணி. இப்பவே."

"அங்க போனா முட்டியில தட்டிப் பார்த்துட்டு வயசாச்சும்பாங்க. கையெழுத்து பயத்துல கூட நடுங்கும். பந்து வரும்போது பயப்பட நேரம் இல்ல, அதனால அதுல அளந்தேன். சிதறல் ஒரு வாரம் நூறைத் தாண்டினா மறுநாளே ஆஸ்பத்திரி. இறங்கினா இது வெறும் பயம், விட்டுடலாம். இதுதான் நான் எனக்குப் போட்டுக்கிட்ட விதி."

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. எதுக்கு எழுதுறோம்னு எழுதுற ஆளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கை அந்தப் பக்கம் சாயும்."

பிறகு என்னை உளவு பார்க்கச் சொன்னாள். சொந்த அண்ணனை. எனக்குக் கூசியது. ஆனால் அந்த மூன்று கையெழுத்தும் மேஜைமேலேயே கிடந்தன. சரி என்றேன்.

திங்கட்கிழமை மாலை பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். நடு மேஜைக்குப் பக்கத்து மேஜை பழுதாகிக் கிடந்தது. அதன் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அட்டை தூக்கும்போது புள்ளி சாய்வாகத் தெரியும். சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியில் பென்சிலால் எண்களைக் குறித்தேன். தையற்காரி துணியில் பென்சிலால் ஏதாவது கிறுக்கினால் யாருக்கும் சந்தேகம் வராது.

அண்ணனுக்கு வந்தது. "உனக்குக் கடையில வேலை இல்லையா?" என்றான்.

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்றேன். அந்தக் கூடத்தில் ஒரு விளக்கு எரிந்தால் ஒரு விளக்கு எரியாது. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணியின் மூன்றாவது ஆட்டம் சட்டென்று முடிந்தது. இடது கை பொத்தானை அழுத்துவதற்குள் பந்து இரண்டு தடவை நழுவிப் போய்விட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அட்டையைத் தூக்கினான். 38,400. நான் துணியில் எழுதினேன். அவன் எழுதவில்லை. பேனா முனை நோட்டுக்கு மேலேயே நின்றது. அண்ணியின் முதுகைப் பார்த்தான், எண்ணைப் பார்த்தான், மறுபடி முதுகைப் பார்த்தான். பிறகு எழுதினான்.

நாலு நாள் இப்படிப் போய் உட்கார்ந்தேன். மீட்டர் படிக்கிறவன் பொய்யிலும் ஒழுங்காக இருந்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. 38,400 நோட்டில் 1,08,400 ஆகியிருந்தது. 2,91,250 நோட்டில் 1,51,250 ஆகியிருந்தது. எண்ணின் வாலைத் தொடவே இல்லை, தலையை மட்டும் மாற்றியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அலுவலகத்தில் இருப்பது போலவே அமைத்திருந்தாள். இடது பக்கம் என் காலர் துணி. வலது பக்கம் நீல நோட்டு. நடுவில் விளக்கு. பகல் வெளிச்சத்திலும் விளக்கு எரிந்தது. அண்ணன் மூன்று பேருக்கும் டீ கொண்டுவந்தான். அண்ணியின் டம்ளரில் மட்டும் பாதிதான் ஊற்றியிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தளும்பக் கூடாது என்று பாதி ஊற்றுகிறவனுக்கு அவள் கை நடுங்குவது தெரியாமல் இருக்குமா?

துணியைப் பார்த்ததும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"உட்காருங்க" என்றாள் அண்ணி.

உட்கார்ந்தான். அவள் பூதக்கண்ணாடியை எடுத்து நோட்டின்மேல் வைத்து வரி வரியாக நகர்த்தினாள். நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தோம். அவள் முடிக்கிறவரை டீயை யாரும் தொடவில்லை.

"நாற்பது எண்ணுல பதினேழு மாறியிருக்கு" என்றாள். "இதுக்கு உளவு தேவையே இல்ல. ஆறு வாரமா நான் எண்ணை மட்டும்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவே இல்ல. என் வேலை என்னன்னே மறந்துட்டேன்." நோட்டை அவன் பக்கம் திருப்பினாள். "நிஜ எண்ணெல்லாம் ஓடியிருக்கு. இந்தப் பதினேழுல மட்டும் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் உங்க கை நடுங்கியிருக்கு."

அண்ணன் பார்க்கவில்லை. "முதல் வாரம் எழுபத்திரண்டு வந்துச்சே, அன்னைக்கு நீ சாப்பிடல" என்றான். "ராத்திரி எந்திரிச்சு உட்கார்ந்து கையைப் பார்த்துட்டு இருந்த. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன், சொல்லல. எண்ணு கொஞ்சம் நல்லா வந்தா உன் பயம் போயிடும், பயம் போனா கை நின்னுடும்னு நினைச்சேன். நாலைஞ்சு தடவை மாத்தினேன். அப்புறம் நிறுத்த முடியல."

"நான் எதுக்கு அளந்தேன்னு தெரியுமா?"

"விளையாட்டுக்குன்னுதானே சொன்ன."

அண்ணி என்னைப் பார்த்தாள். அவளால் சொல்ல முடியவில்லை என்று புரிந்தது. நான் சொன்னேன். நூறைத் தாண்டினால் மறுநாளே ஆஸ்பத்திரி, இறங்கினால் வேண்டாம் என்கிற விதியைச் சொன்னேன்.

"இந்த நாலு நாள் நிஜமா எவ்வளவு?" என்று கேட்டான்.

"நூற்றிநாலு" என்றாள் அண்ணி.

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவள் பயத்தை இறக்கத்தான் எண்ணை இறக்கினான். அது அவளை ஆஸ்பத்திரிப் பக்கம் போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. அவளும் ஒன்றை மறைத்தாள், அவனும் ஒன்றை மறைத்தான். நடுவில் ஆறு வாரம் போயிருந்தது. எனக்கு அவனை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. அண்ணியையும் நாலு கேள்வி கேட்கத் தோன்றியது. ஒன்றும் செய்யாமல் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

"ஆறு வாரத்தை நான்தான் தின்னுட்டேன்" என்றான் அண்ணன், கையை எடுக்காமலே.

"பாதியை" என்றாள் அண்ணி. "எதுக்குன்னு சொல்லாம எழுதச் சொன்னேன் இல்ல, மீதிப் பாதி என்னுது."

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, முப்பத்துமூன்றுக்குக் கீழே விரலை வைத்தாள். அந்த விரல் காகிதத்தின்மேல் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"நாளைக்கு லீவு சொல்லிடுங்க. காலையில எட்டு மணிக்கே போகணும். இப்ப இங்க எழுதுங்க."

"என்னன்னு?"

"வந்ததை."

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 104 என்று எழுதினான். அண்ணி நோட்டை விளக்குக்குக் கீழே இழுத்து, பூதக்கண்ணாடியை வைத்து, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"இது உங்க கை" என்றாள்.